மாப்பிள்ளைக்கு அடித்த கத்தி

வடக்கனந்தலில் சாலம்மாளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு காரணம். அவள் கையில் எந்நேரமும் சுத்தியல் இருக்கும் என்பது இன்னொன்று. புருஷன் நாராயணசாமி ஆசாரி நெஞ்சில் கரிப்புகை கட்டிச் செத்துப்போனார். காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே அவள் பட்டறையில் உட்கார்ந்து உலையை மூட்டிவிட்டாள். பொம்பளை உலைக்களத்தில் உட்கார்ந்தால் ஊருக்கு மழை இல்லாமல் போகும் என்று நாலு பெரிய மனுஷர்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள்.

"இருவத்தஞ்சி வருஷமா அவுரு கொறடு புடிச்சாரு, சம்மட்டி அடிச்சது நானு. அப்பெல்லாம் பெஞ்ச மழை இப்ப மட்டும் இன்னாத்துக்கு நிக்கப் போவுது?" என்று கேட்டாள். அந்த வருஷம் ஐப்பசியில் ஏரி உடைகிற அளவுக்குப் பெய்தது. அடுத்த வாரம் அந்த நாலு பேரும் ஏருக்குக் கொழு அடிக்க அவளிடமே வந்து நின்றார்கள்.

கண்ணகி அவளுக்கு ஒரே பெண். அவளைத் தன் தம்பி மகன் வீரமுத்துவுக்கே கட்டிக்கொடுத்திருந்தாள். நைனார்பாளையத்தில் அவன் பிறந்த அன்றே தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று வயது வரை அவனுக்குச் சோறூட்டி வளர்த்தது இந்த அத்தைதான். ஊரில் மற்ற மாமியார்கள் மாப்பிள்ளையைக் கண்டால் கதவு மறைவுக்குப் போவார்கள். இவளோ, "மாப்ள, சோறு ஆறுது, வந்து துன்னுட்டுப் போ" என்று பட்டறையிலிருந்தே கத்துவாள். அவன் பட்டாளத்தில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆன பிறகும் அந்தக் கத்தல் குறையவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நேரம். பட்டறை வாசலில் தீட்ட வேண்டிய கரும்புக் கத்திகள் குவிந்து கிடந்தன. கண்ணகி ஏழு மாசத்து வயிற்றோடு தாய் வீட்டில் இருந்தாள். வீரமுத்து லீவில் வந்திருந்தான். லீவு முடிய இன்னும் இருபது நாள் இருக்கும்போது தந்தி வந்துவிட்டது. பட்டாலியன் இலங்கைக்குப் போகிறது, பத்து நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அவன் படித்தான், மடித்தான், சட்டைப்பையில் வைத்தான்.

மறுநாள் பஸ் ஏறிக் கல்வராயன் மலைக்குப் போனான். அங்கே குமார் என்று அவனுக்கு ஒரு கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே நாளில் ஆளெடுப்புக்குப் போய் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். குமாரின் பட்டாலியன் போன ஐப்பசியிலேயே இலங்கைக்குப் போயிருந்தது. குமார் திரும்பி வந்தபோது வலது கால் முழங்காலோடு நின்றுபோயிருந்தது. அவனோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வீரமுத்து கீழே இறங்கி வந்தான். கையில் ஒரு கருங்காலிக் கட்டை இருந்தது.

"குமாரோட அப்பா மாதன் குடுத்தாரு. கத்திப் பிடிக்கு ஆவும்னாரு" என்றான்.

மலையில் ஆம்பளை இடுப்பில் கத்தி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டான். குமாருக்குச் சர்க்கார் கொடுத்த கத்திதான் இருந்தது, அவன் கைக்கென்று அடித்த கத்தி இல்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று மாதன் உறுதியாக நம்பினார். 'ஒங்க அத்தைகிட்ட சொல்லி ஒண்ணு அடிச்சி எடுத்துக்கினு போ' என்று அவர்தான் கட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். சாலம்மாளுக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு மோதிரம் போட முடியாத மாமியார் அவள். ஆனால் இரும்பில் அவள் கொடுக்கிறதை எந்தச் சீமாட்டியும் கொடுக்க முடியாது என்ற கர்வமும் அவளுக்கு உண்டு.

அன்றே பழைய லாரியின் வில்லுப் பட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து உலையில் போட்டாள். கண்ணகி உலைக்குக் காற்றூதும் சக்கரத்தைச் சுற்றினாள். "மெல்லடி, மெல்ல. புள்ளயப் பட்டறையிலேயே பெத்துப் போடாத" என்று திட்டிக்கொண்டே அடித்தாள். மாப்பிள்ளையின் கைப்பிடியை அளவெடுக்க ஈரக் களிமண்ணை உருட்டி அவன் கையில் கொடுத்தாள். அது அவள் புருஷன் வழக்கம். மண்ணில் விரல் பதிகிற இடத்தைப் பார்த்துப் பிடியைச் செதுக்கினால் கத்தி வேறு எவன் கையிலும் சரியாக உட்காராது.

"கெட்டியாப் புடி மாப்ள. எதிர்ல வர்றவனக் குத்தற மாதிரி புடி."

அவன் பிடித்தான். மண்ணில் விரல் சரியாகப் பதியவே இல்லை.

"இன்னா மாப்ள, பூ பறிக்கிறியா?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை அவளே அவன் விரல்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். கூட்டாளியின் காலைப் பார்த்துவிட்டு வந்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவசரம் அவளைக் கெடுத்தது. பழுத்த அலகைத் தண்ணீரில் முக்கிவிட்டாள். டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தால் நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். பத்து வயசுப் பையனுக்குக்கூடத் தெரியும், லாரிப் பட்டையைத் தண்ணீரில் காட்டக் கூடாது, எண்ணெயில்தான் காட்ட வேண்டும் என்று. சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சகுனம் என்று கண்ணகி அழ ஆரம்பித்தாள். "சகுனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என் கொழுப்பு" என்று சொல்லிவிட்டு வேறு பட்டையை உலையில் செருகினாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் கிலி பிடித்துக்கொண்டது. அதன் பிறகு சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் கோடாலிகள் வர ஆரம்பித்தன. இட ஒதுக்கீடு கேட்டு முந்தின வருஷம் புரட்டாசியில் ஒரு வாரம் நடந்த சாலை மறியலை அந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கவில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். இப்போது மறுபடியும் சலசலப்பு. கேட்டது நியாயமா இல்லையா என்பதெல்லாம் சாலம்மாள் வாய் கொடுக்கிற விஷயம் இல்லை. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் தினம் முகம் பார்க்கிறவர்கள். எதற்கு என்று கேட்காமல் தீட்டிக் கொடுப்பது அவள் புருஷன் காலத்திலிருந்து பட்டறையின் முறை. இருபதுக்கு மேல் தீட்டினாள். ஏழெட்டுக் கோடாலி புதிதாகவே அடித்தாள். ஒவ்வொன்றிலும் வழக்கம்போலப் பட்டறை முத்திரையைக் குத்தினாள். மூன்று புள்ளி, அதற்குக் கீழே ஒரு பிறை.

மாப்பிள்ளையின் கத்தியிலும் அதையே குத்தினாள். ஒரு சாண் நீள அலகு, கருங்காலிப் பிடி, கையில் எடுத்தால் கனமே தெரியாது. கடைசியில் அவள் புருஷன் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. புதுக் கத்திக்குக் கண் படாமல் இருக்க மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரில் முக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, மூன்று நாள் துடைக்காமல் வைக்க வேண்டும். மற்றக் கத்திகளுக்கு ஒரு கரண்டி ஆரத்தி போதும். இதற்கு ஒரு சொம்பு கரைத்தாள். சண்டைக்குப் போகிற பிள்ளை ஆயிற்றே. துணி நனைந்து சொட்டச் சொட்டச் சுற்றி அவன் பையில் வைத்தாள்.

அவன் கிளம்ப வேண்டிய நாள் விடியும்போதே ரோட்டில் மரம் விழுந்துவிட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கமும் பஸ் இல்லை, சின்னசேலம் பக்கமும் பஸ் இல்லை. சின்னசேலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயில் உண்டு, அது மட்டும் ஓடுகிறது என்று சொன்னார்கள்.

"மறியல் முடிஞ்சி போறேனே அத்தே. தந்தி குடுத்துட்டா புரிஞ்சிப்பாங்க" என்றான் வீரமுத்து.

"புரிஞ்சிப்பாங்களா? ஓடிப்போனவன்னு பேரு எழுதிடுவான். வேலையும் பூடும், மானமும் பூடும். நட மாப்ள, நடந்தா மூணு மணி நேரம்" என்றாள் சாலம்மாள். "உடுப்பப் போட்டுக்கினு போவாத. போலீசுன்னு நெனச்சிக் கல்ல வுட்டு அடிப்பானுங்க. கைலியே கட்டிக்க. பொட்டி அப்பறமா வரட்டும்."

அவன் கண்ணகியின் முகத்தைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். அவனைக் காலைப் பலகாரம்கூடச் சாப்பிட விடாமல் விரட்டினாள் என்பதைப் பிறகு அவள் நினைத்து நினைத்து அழுதாள்.

உச்சி வெயிலில் கரும்பு வண்டி ஓட்டும் பாவாடை மூச்சிரைக்க வந்து நின்றான்.

"ஆசாரியம்மா, ஒங்க மாப்ளயப் போலீசு புடிச்சிக்கினு பூட்டாங்க. மரம் வெட்டிப் போட்ட எடத்துல ஜீப்பு வந்துது. நாங்கல்லாம் ஓட்டம் எடுத்தோம். அவுரு ஓடல, நின்னுக்கினே இருந்தாரு. பையத் தொறந்தா கத்தி. துணியெல்லாம் ரத்தம். நேத்து ராத்திரி எவனோ ஒரு லாரிக்காரனோட கைய வெட்டிட்டானாம். இவுருதான்னு சொல்லி, அஞ்சி மைலு தள்ளி அரிசி மில்லு களத்துல ஒக்கார வெச்சிருக்காங்க."

சாலம்மாள் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தாள். ரத்தமா? எந்த ரத்தம்? அடுத்த நொடியே புரிந்துவிட்டது. அவள் ஊற்றிய ஆரத்தி. சொம்பு நிறையக் கரைத்து ஊற்றியது அவள். உடுப்புப் போட வேண்டாம் என்றது அவள். நடக்கச் சொன்னதும் அவள். ஒரு கொலைகாரனை எப்படித் தயார் செய்ய வேண்டுமோ அப்படித் தயார் செய்து அனுப்பியிருக்கிறாள்.

"அவரு வந்துருவாராம்மா?" என்று கண்ணகி கேட்டாள்.

"வராம எங்க போவான்? ரயிலேத்தி வுட்டுட்டுத்தான் வூட்டுக்கு வருவேன். நீ எழுந்திருக்காத, ஒக்காரு" என்று சொல்லிவிட்டு, கரி படிந்த புடவையோடு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். ஐந்து மைலையும் ஓடினாளா நடந்தாளா என்று அவளுக்கே தெரியாது. வழியில் ஒரு இடத்தில் விழுந்து முழங்கால் கிழிந்ததுகூட மறுநாள்தான் தெரிந்தது. மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணி. ஐந்து மணிக்குள் அவனை வெளியே எடுக்காவிட்டால் வெட்டுக் கேசு ஒரு பக்கம், ஓடிப்போன கேசு ஒரு பக்கம். ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது.

பிடித்தவர்களை எல்லாம் ரோட்டோரத்து அரிசி ஆலைக் களத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். நெல் காயப் போடும் சிமெண்டுத் தரை கொதித்தது. வீரமுத்து கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். கொட்டகை நிழலில் மேஜை போட்டு எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத கண். மேஜைமேல் அவள் அடித்த கத்தி கிடந்தது. அதன் துணி காய்ந்து கருஞ்சிவப்பாக விறைத்திருந்தது.

ஏட்டு தடுத்தார். சாலம்மாள் அவரைத் தாண்டிப் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அது ரத்தம் இல்லீங்க. ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும்."

"போம்மா. எங்களுக்கு ரத்தம் தெரியாதா?"

களத்தில் நின்ற ஆலை லாரியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அவள் ஓடிப்போய் அதைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். மேஜைமேல் இருந்த கத்தியாலேயே பழத்தை அறுத்தாள். ஏட்டு லத்தியைத் தூக்கினார். அதற்குள் துணிமேல் சாற்றைப் பிழிந்துவிட்டாள். சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு கலைந்து மஞ்சளானது. அவள் தேய்க்கத் தேய்க்கத் துணி பளிச்சென்று மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

"ரத்தமா இருந்தா இப்பிடி ஆவுங்களா ஐயா? ஒங்க வூட்டுப் பொம்பளங்களக் கேளுங்க."

எஸ்.ஐ. துணியைத் தூக்கி மோந்து பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி. லாரிக்காரன் கேசு இவன் இல்ல. ஆனா மரம் வெட்டற எடத்துல கத்தியோட நின்னான் இல்ல?"

"அவன் பட்டாளத்துக்குப் போறவங்க ஐயா. எம் மாப்ள. அவனுக்குன்னு நான் அடிச்சிக் குடுத்தது."

"காலையிலேர்ந்து ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்றான். ஒருத்தன் கல்யாணத்துக்குப் போறான், ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போறான். நீ அடிச்சியா? பொம்பள நீ அடிச்சதுன்னு எவன் சாட்சி சொல்லுவான்?"

சாட்சி அந்த மேஜைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சாலம்மாள் அதை அப்போதுதான் பார்த்தாள். பிடுங்கிய கோடாலிகளைக் கொட்டகை மூலையில் குவித்திருந்தார்கள். அதில் பாதி அவள் கைபட்டது. கத்தியின் முத்திரையைக் காட்டினால் போதும். அதே முத்திரை அந்தக் கோடாலிகளிலும் இருக்கிறது என்பது குருடனுக்கும் தெரிந்துவிடும். மரம் வெட்ட ஆயுதம் செய்து கொடுத்தவள் என்று எழுதுவார்கள். உலை அணைந்துபோகும். கண்ணகி வயிற்றுப் பிள்ளைக்காரி, தனியாகக் கிடப்பாள்.

சுவரில் ஆலையின் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

"ஐயா, இந்தப் பிடிக்குப் பக்கத்துல பாருங்க. மூணு புள்ளி, ஒரு பெற. எங்க பட்டறை முத்திரை. அந்தக் கோடாலிலயும் பாருங்க, இருக்கும். எல்லாம் நான் அடிச்சது, நான் தீட்டனது. என்ன இன்னா வேணா செய்யுங்க. அவன வுட்டுருங்க. அஞ்சி மணிக்கு ரயிலு."

எஸ்.ஐ. எழுந்து போய் ஒரு கோடாலியைத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். "எழுதிக்கோ" என்று ஏட்டிடம் சொன்னார். பெயர், ஊர், புருஷன் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு பேனா மையில் அவள் கட்டைவிரலை அழுத்தி ரேகை வாங்கினார்கள். அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. முதல் தடவையாக அன்றைக்கு அவள் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"அந்தப் பட்டாளத்துக்காரனக் கூப்டு."

வீரமுத்து எழுந்து வந்தான். அத்தையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"பட்டாளமாடா நீ?"

அவன் மேஜைமேல் கிடந்த கத்தியைப் பார்த்தான்.

"கேக்கறாரில்ல, சொல்லு மாப்ள" என்றாள் சாலம்மாள். "கார்டு பொட்டியில இருக்குங்க ஐயா. இதோ ஓடிப்போயி எடுத்தாறேன்."

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டே கைலிக்குள் கையை விட்டான். உள்ளே போட்டிருந்த டவுசர் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். தந்தியையும் எடுத்து வைத்தான்.

எஸ்.ஐ. இரண்டையும் படித்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, காலையிலேர்ந்து இத இடுப்புல வெச்சிக்கினா வெயில்ல ஒக்காந்திருந்த? பேரு கேட்டேன், ஊரு கேட்டேன். பட்டாளம்னு ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேனே?"

சாலம்மாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவன் ஏன் சொல்லவில்லை என்று தானும் கேட்கத்தான் வாயெடுத்தாள். அப்போது அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மூன்று வயதில், அவனை அவன் அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் திரும்பியபோது பார்த்த அதே பையன்தான் அங்கே நின்றான்.

"எதுக்கு அத்தே வந்த?" என்றான்.

அவ்வளவு மெதுவாகச் சொன்னான், ஏட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. ஓடாமல் நின்றது, கார்டைக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது, எல்லாம் அவளுக்கு ஒரேயடியாகப் புரிந்தது. பயந்து போயிருக்கிறான். சாகப் பயந்து, ஜெயிலே மேல் என்று பிள்ளை ஒரு மூலை பார்த்து ஒளிந்திருக்கிறான். அவள் வந்து, கெட்டிக்காரத்தனமாக எலுமிச்சம்பழம் பிழிந்து, தன்னையும் எழுதிக்கொடுத்து, அவனை இழுத்து வெளியே போட்டுவிட்டாள்.

எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. பட்டாளத்துக்காரனை வெயிலில் உட்கார வைத்துவிட்டோமே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது. "நம்ம ஜீப்புலயே ஸ்டேஷன்ல கொண்டுபோய் எறக்கி வுடுங்க. ரயில வுட்டுடப் போறாரு" என்றார். கத்தி மட்டும் இங்கேயே இருக்கட்டும், கேசில் சேர்க்க வேண்டும் என்றார். ஒரு கான்ஸ்டபிள் மரியாதையாக வீரமுத்துவின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவன் பின்னால் போய் ஜீப்பில் ஏறினான்.

"ஐயா!" என்று சாலம்மாள் அலறினாள். "ஐயா, அது ரத்தந்தாங்க! நான் பொய் சொன்னேன். அவன்தாங்க லாரிக்காரன் கைய வெட்டனது. நான் பாத்தேன். எங் கண்ணால பாத்தேன். அவன உடாதீங்க ஐயா, புடிச்சி உள்ள வையிங்க!"

களத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எஸ்.ஐ.யின் பூட்ஸ் காலைக் கட்டிக்கொண்டாள். "அவன் கொலகாரங்க. எம் புள்ளமேல சத்தியம். ஜெயில்ல போடுங்க ஐயா, எத்தினி வருஷம் வேணா போடுங்க."

எஸ்.ஐ. மேஜைமேல் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"வெயில்ல ஓடியாந்துருக்கு, பாவம். தண்ணி குடுங்க" என்று ஏட்டிடம் சொன்னார்.

ஜீப் கிளம்பியது. அந்தப் பக்கம் விழுந்திருந்த மரங்களைப் போலீஸ்காரர்கள் மத்தியானமே அறுத்து ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஐந்து மணி ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.